அப்புவின் தகப்பன் பெயர் தெரியாதவர்களும் விவிலியத்தின் வம்சப் பட்டியல்களும்

சகோதரி, விவிலியத்தில் பக்கம் பக்கமாக வரும் வம்சப் பட்டியல்களால் ஒரு விசுவாசிக்கு என்ன பயன் என்று கேட்டிருக்கிறீர்கள். ஆனால் அதன் கீழே எழுதியிருப்பதை வாசித்தால் உங்களை வருத்துவது வேறொன்று என்று தெரிகிறது. விசுவமடுவில் இருக்கும் உங்கள் அம்மாவின் வீட்டுக்கு வந்து ஜெபித்த போதகர் ஒருவர், தகப்பன் வழியிலும் தாய் வழியிலும் நான்கு தலைமுறைப் பெயர்களை எழுதித் தரச் சொல்லியிருக்கிறார். அப்பாவும் சின்னண்ணாவும் இறுதிப் போரில் மாத்தளனில் இறந்தது, பெரியண்ணாவைப் பற்றி இன்றுவரை ஒரு தகவலும் இல்லாதது, வீட்டில் ஆண் வாரிசே அற்றுப்போனது எல்லாம் முன்னோரின் பாவத்தால் வந்த தலைமுறைச் சாபம் என்றும், பெயர் சொல்லி ஜெபித்தால்தான் அது அறுபடும் என்றும், மத்தேயு தன் நற்செய்தியை வம்ச வரலாற்றோடு தொடங்குவதும் அதற்காகத்தான் என்றும் சொல்லியிருக்கிறார். அம்மாவுக்குத் தன் அப்புவுக்கு மேலே ஒரு பெயரும் தெரியாது. பிறப்புச் சான்றிதழும் போய்விட்டது, கோவில் பதிவேடும் போய்விட்டது. இப்போது அவர் சரியாகத் தூங்குவதில்லை. ஆகவே உங்கள் கேள்வி இரண்டு. அந்தப் பட்டியல்கள் எதற்காக எழுதப்பட்டன? அவற்றில் உங்கள் அம்மா பயப்பட வேண்டியது ஏதாவது இருக்கிறதா?

இரண்டாவதற்குச் சுற்றிவளைக்காமல் பதில் சொல்லிவிடுகிறேன்: எதுவும் இல்லை. அம்மா அந்தத் தாளைக் கிழித்துப் போட்டுவிட்டுத் தூங்கலாம். இதை இவ்வளவு உறுதியாகச் சொல்வதற்குக் காரணங்கள் இருக்கின்றன, அவற்றைக் கொஞ்சம் விரிவாகவே எழுத வேண்டும். நான் கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பங்குகளில் பல ஆண்டுகளாக மறைக்கல்வி சொல்லிக்கொடுப்பவன். இறையியலை முறையாகக் கற்றிருக்கிறேன். எபிரேயத்திலும் கிரேக்கத்திலும் புலமை கிடையாது. அந்த மொழிகளைச் சார்ந்த இடங்களில் அறிஞர்கள் எழுதியதை ஒப்பிட்டுப் பார்த்தே பேசுகிறேன். எது உறுதி, எது ஊகம் என்பதை அந்தந்த இடத்திலேயே சொல்லிவிடுகிறேன்.

முதலில் உறுதியானது. விவிலியத்தின் மிக நீண்ட வம்சப் பட்டியல்கள் நிலம் பறிபோன ஒரு மக்களின் ஏடுகள். கி.மு. 597-இலும் அதற்கடுத்த பத்தாண்டுகளிலும் பாபிலோன் அரசன் நெபுகத்னேசர் எருசலேம் மக்களை நாடு கடத்தினான். கோவில் எரிந்தது. பல பத்தாண்டுகளுக்குப் பிறகு ஒரு பகுதியினர் திரும்பி வந்தார்கள். அப்படித் திரும்பி வந்தவர்களின் காலத்தில் எழுதப்பட்டதுதான் குறிப்பேட்டின் முதல் நூல். அதன் முதல் ஒன்பது அதிகாரங்களும் ஏறக்குறைய பெயர்கள் மட்டுமே. எஸ்ராவின் இரண்டாம் அதிகாரம் மீளக் குடியேறியவர்களின் குடும்பவாரியான பட்டியல். எந்த ஊர், எந்தக் குடும்பம், எத்தனை பேர் என்று வரி வரியாகப் போகும். மற்ற நாட்டு வாசகர்கள் இந்த அதிகாரத்தைப் புரட்டிவிட்டுப் போவதைப் பார்த்திருக்கிறேன். இடம்பெயர்ந்து முகாமில் பதிந்து, மீள்குடியேற்றத்துக்குப் பதிந்து, வீட்டுத் திட்டத்துக்கு மறுபடியும் பதிந்த நம் சனத்துக்கு அதைப் புரட்டிவிட்டுப் போக மனம் வராது.

அந்த அதிகாரத்தின் 59, 60-ஆம் வசனங்களை அம்மாவுக்கு நீங்களே வாசித்துக் காட்டுங்கள். தங்கள் தந்தையர் குடும்பத்தையும் வழிமரபையும் எடுத்துக்காட்ட முடியாதவர்கள், தாங்கள் இஸ்ரயேலர்தானா என்றே நிரூபிக்க முடியாதவர்கள் 652 பேர் என்று எழுதியிருக்கிறது. (நெகேமியாவின் நூலில் இதே பட்டியல் திரும்ப வரும்போது 642 என்று இருக்கிறது. படியெடுத்தபோது எங்கோ ஓர் எண் பிசகியிருக்கலாம்.) அவர்களை யாரும் பாதி வழியில் திருப்பி அனுப்பவில்லை. ஆதாரம் இல்லாதவர்கள் என்ற அடையாளத்தோடேயே, அவர்களும் திருநூலில் எண்ணப்பட்டிருக்கிறார்கள். அப்புவுக்கு மேலே பெயர் தெரியாத உங்கள் அம்மாவுக்கு முன்னால் 652 பேர் அங்கே நிற்கிறார்கள்.

அடுத்த வசனங்கள் கடுமையானவை, அதையும் மறைக்கக் கூடாது. தங்கள் தலைமுறை அட்டவணையைத் தேடிக் கண்டுபிடிக்க முடியாத குருத்துவக் குடும்பங்களைக் குருத்துவப் பணியிலிருந்து விலக்கி வைத்தார்கள். அக்கோசின் குடும்பம் அவற்றில் ஒன்று. ஆனால் கதை அங்கே முடிந்துவிடவில்லை என்று தோன்றுகிறது. நெகேமியாவின் மூன்றாம் அதிகாரத்தில், எருசலேமின் மதிலைத் திருத்திக் கட்டுகிறவர்கள் நடுவே, அக்கோசின் பேரனும் உரியாவின் மகனுமான மெரேமோத்து என்று ஒருவர் வருகிறார். ஒரு பகுதியைக் கட்டி முடித்துவிட்டு இன்னொரு பகுதியையும் கட்டுகிறார். எஸ்ராவின் எட்டாம் அதிகாரத்திலோ உரியாவின் மகன் மெரேமோத்து என்ற குரு கோவிலின் வெள்ளியையும் பொன்னையும் நிறுத்து வாங்குகிறார். இருவரும் ஒருவரே என்றால், பதிவில்லாமல் விலக்கப்பட்ட குடும்பம் பின்னால் ஏற்றுக்கொள்ளப்பட்டுவிட்டது. பல அறிஞர்கள் அப்படித்தான் கருதுகிறார்கள். எனக்கும் அதுவே சரியாகப் படுகிறது, ஆயினும் இது ஊகம்தான்.

இனி சாபத்துக்கு வருகிறேன். மத்தேயுவின் பட்டியலில் எக்கோனியா என்று ஒரு பெயர் வரும். யோயாக்கின் என்பதும் அவனே. பதினெட்டு வயதில் அரசனாகி, மூன்றே மாதத்தில், கி.மு. 597-இல் பாபிலோனுக்குக் கொண்டுபோகப்பட்டவன். விவிலியத்தில் ஒரு தனிமனிதனுடைய வம்சத்தின் மேல் விழுந்த மிகப் பயங்கரமான வார்த்தைகளில் ஒன்று இவன்மேல் விழுந்தது. பிள்ளையற்றவன் என்று இவனை எழுதி வையுங்கள், இவன் வழிவந்த ஒருவனும் தாவீதின் அரியணையில் அமரமாட்டான் என்று எரேமியா 22:30 சொல்கிறது. நீ என் வலக்கையின் முத்திரை மோதிரமாக இருந்தாலும் கழற்றி எறிந்துவிடுவேன் என்று அதே அதிகாரத்தின் 24-ஆம் வசனத்தில் ஆண்டவர் சொல்கிறார். உங்கள் அம்மாவிடம் பேசிய போதகருக்கு இதைவிடப் பொருத்தமான உதாரணம் கிடைத்திருக்காது.

ஆனால் அவனுக்கு என்ன நடந்தது என்று பாருங்கள். ராபர்ட் கோல்டவே என்ற ஜெர்மானியர் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாபிலோனை அகழ்ந்தபோது கிடைத்த களிமண் பலகைகள் சிலவற்றை, எர்ன்ஸ்ட் வைட்னர் என்ற அறிஞர் 1939-இல் வாசித்து வெளியிட்டார். அவை அரண்மனைக் களஞ்சியத்தின் பங்கீட்டுக் கணக்குகள். யாருக்கு எவ்வளவு எண்ணெய் அளந்து கொடுக்கப்பட்டது என்ற குறிப்புகள். அவற்றில் யூதா நாட்டு அரசன் யோயாக்கின் பெயர் இருக்கிறது. அவனுடைய புதல்வர் ஐவருக்கும் சேர்த்து இரண்டரை சிலா எண்ணெய் என்று எழுதியிருக்கிறது. சிலா என்பது ஏறக்குறைய ஒரு லீட்டர். அப்படியானால் தலைக்கு அரை. நிவாரண அட்டையோடு வரிசையில் நின்று பருப்பும் எண்ணெயும் வாங்கிய கை இந்த வரியைச் சட்டென்று அடையாளம் கண்டுகொள்ளும். பிள்ளையற்றவன் என்று எழுதச் சொல்லப்பட்ட மனிதனின் ஐந்து பிள்ளைகளுக்குச் சிறைப்பிடித்த அரசின் கணக்குப்பிள்ளை எண்ணெய் அளந்து எழுதி வைத்திருக்கிறான்.

அவனுடைய பேரன்தான் செருபாபேல். திரும்பி வந்த மக்களுக்குத் தலைமை தாங்கியவன். ஆகாய் இறைவாக்கினர் கி.மு. 520-இல் அவனிடம், ஆண்டவர் உன்னைத் தம் முத்திரை மோதிரமாக்குவார் என்கிறார். பாட்டன் கழற்றி எறியப்பட்ட மோதிரம், பேரன் மறுபடியும் ஆண்டவரின் கையில் மோதிரம். எந்தத் தலைமுறையும் உட்கார்ந்து பெயர்களை எழுதிச் சாபத்தை அறுக்கவில்லை. கடவுள் தாமே மனமிரங்கினார். மத்தேயு இந்த எக்கோனியாவைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடாமல், பாபிலோன் என்ற ஊரோடு சேர்த்து நட்டநடுவில் வைத்திருக்கிறார். மெசியா அந்த வழியாக வந்தார் என்பதே அவருடைய அறிக்கை.

இன்னொன்றும் இருக்கிறது. எசேக்கியேல் இறைவாக்கினரும் எக்கோனியாவின் நாடுகடத்தலையே தொடக்கமாக வைத்துத் தன் ஆண்டுகளைக் கணக்கிடுகிறவர். இடம்பெயர்ந்தவர்கள் நடுவே இடம்பெயர்ந்தவராக இருந்து பேசியவர். அந்த மக்களிடம் ஒரு பழமொழி ஓடிக்கொண்டிருந்தது: தந்தையர் புளித்த திராட்சையைத் தின்றார்கள், பிள்ளைகளின் பல் கூசுகிறது. முன்னோர் செய்த பாவத்துக்கு நாம் அகதியானோம் என்பதுதான் அதன் கருத்து. எசேக்கியேல் 18-ஆம் அதிகாரம் முழுவதும் அந்தப் பழமொழிக்கு ஆண்டவர் கொடுத்த மறுப்பு. இனிமேல் இதைச் சொல்லாதீர்கள், தகப்பனுடைய குற்றத்தை மகன் சுமப்பதில்லை என்கிறார். எரேமியா 31:29, 30-உம் அதையே சொல்கிறது. அகதிகளிடம் போய், உங்கள் முன்னோரின் பாவம்தான் இது என்று சொல்வது கடவுள் அகதிகளின் வாயிலிருந்தே பிடுங்கி எறிந்த பேச்சு. அதை மறுபடியும் எடுத்து, மூன்று பேரை இழந்த ஒரு தாயின் கையில் கொடுப்பது கொடுமை. இதற்கு மேல் மென்மையாகச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

மூன்றாம் நான்காம் தலைமுறை வரை தண்டிப்பேன் என்று விடுதலைப் பயணம் 20:5-இல் இருக்கிறதே என்று அவர் கேட்பார். இருக்கிறது. அந்த வாக்கியம் ஆறாம் வசனத்தில்தான் முடிகிறது, அங்கே ஆயிரம் தலைமுறைக்கு இரக்கம் என்று வருகிறது. நான்குக்கும் ஆயிரத்துக்கும் உள்ள தூரத்தைக் காட்டத்தான் அந்த வசனமே. தகப்பனின் நடத்தை பிள்ளைகளைத் தாக்கும் என்பதும் உண்மை. கசிப்புக்கு அடிமையான தகப்பனின் பிள்ளை எப்படி வளர்கிறது என்று நாம் பார்க்காததா? அது காயம். அதற்குப் பராமரிப்பும் துணையும் வேண்டும். நம் திருச்சபையில் இது புதிய விவாதமும் அல்ல. குடும்ப மரத்தைக் குணப்படுத்தும் திருப்பலி என்று பரவிய பழக்கத்தைப் போலந்து ஆயர்கள் 2015-இல் தடை செய்தார்கள். ஸ்பெயின் ஆயர்களின் கோட்பாட்டு ஆணைக்குழு 2024-இல் இதே எச்சரிக்கையை விரிவாக எழுதி வெளியிட்டது. திருமுழுக்கு பெற்றவரைப் பழைய தலைமுறையின் பாவம் சாபமாகப் பிடித்திருக்க முடியாது என்பதே அவர்கள் சொன்னதன் சாரம்.

மத்தேயுவின் பட்டியலுக்கே திரும்புவோம். மோவாபியர் பத்தாம் தலைமுறை வரைக்கும் ஆண்டவரின் சபையில் சேரக் கூடாது என்று இணைச்சட்டம் 23:3 சொல்கிறது. ரூத்து மோவாபியப் பெண். அவள் மகன் ஓபேது, ஓபேதின் மகன் ஈசாய், ஈசாயின் மகன் தாவீது. பத்துக்குக் காத்திருக்கவில்லை, மூன்றிலேயே அரசன் வந்துவிட்டான். தாமார், இராகாபு, உரியாவின் மனைவி (பத்சேபா; இந்த உரியா தாவீதின் படைவீரன், மேலே சொன்ன மெரேமோத்தின் தகப்பன் அல்ல) என்று வேறு பெண்களும் வருகிறார்கள். இந்த நால்வரையும் பாவிகள் என்று ஒரே வார்த்தையில் கட்டிவிடும் பிரசங்கங்களைக் கேட்டிருக்கிறேன், அது நியாயமல்ல. தாமாரைப் பற்றி, என்னைவிட இவள் நேர்மையானவள் என்று அவள் மாமனார் யூதாவே சொல்லிவிட்டான். உரியாவின் மனைவியின் விடயத்தில், அவளை எடுத்துக்கொண்டு கணவனைச் சாகவைத்த குற்றம் தாவீதினுடையது. மத்தேயு அவளைக் கணவனின் பெயரால் குறிப்பது அந்தக் குற்றத்தை மூடாமல் வைப்பதற்காக என்றே நினைக்கிறேன்.

என்னை அதிகம் நிறுத்தி வைப்பவர்கள் பட்டியலின் கடைசிப் பகுதிக்காரர்கள். செருபாபேலுக்குப் பிறகு அபியூது, எலியாக்கிம், அசோர், சாதோக்கு, ஆக்கிம், எலியூது, எலயாசர், மாத்தான், யாக்கோபு என்று ஒன்பது பேர் வருகிறார்கள். இவர்களைப் பற்றி விவிலியத்தில் வேறெங்கும் ஒரு வரி கிடையாது. அரியணை இல்லை, போர் இல்லை, அற்புதம் இல்லை. அந்நிய ஆட்சியின் கீழ் பிறந்து, பிள்ளை வளர்த்து, செத்துப்போனவர்கள். மறைக்கல்வி வகுப்பில் இந்த வசனங்களைப் பிள்ளைகளைக் கொண்டு உரக்க வாசிக்கச் சொல்வேன். தாவீது, சாலமோன் என்று வரும்வரை கம்பீரமாக வாசிப்பார்கள், எலியூது வந்ததும் குரல் தடுக்கும். அங்கே நிறுத்தி, இந்த மனிதர் இல்லையென்றால் யோசேப்பு இல்லை என்று சொல்வேன். உங்கள் அப்புவின் தகப்பனும் அந்த வகை மனிதர்தான். பெயர் நமக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

சந்தேகத்துக்கு இடமானவை சிலவும் உண்டு. மத்தேயு பதினான்கு பதினான்காக மூன்று பகுதி என்கிறார், ஆனால் மூன்றாம் பகுதியை எண்ணினால் பதின்மூன்று பெயர்தான் புதிதாகக் கிடைக்கிறது. யோராமுக்கும் உசியாவுக்கும் இடையே மூன்று அரசர்களை விட்டுவிட்டிருக்கிறார். அவர்கள் சிலை வழிபாட்டை வளர்த்த அரசி ஈசபேலின் இரத்தத்தில் கலந்தவர்கள், அதனால் மூன்று தலைமுறை நீக்கப்பட்டது என்று புனித ஜெரோம் விளக்கினார். இதையும் உங்களிடம் யாராவது ஆதாரமாகக் கொண்டுவரலாம். மத்தேயு அப்படி ஒரு காரணத்தைச் சொல்லவே இல்லை. எபிரேய எழுத்துகளின் மதிப்பைக் கூட்டினால் தாவீதின் பெயர் பதினான்கு வருகிறது, அந்த எண்ணுக்குள் அடக்கவே சுருக்கினார் என்பது இன்று பலருடைய கருத்து. விடப்பட்ட மூவரின் வழியாகத்தான் உசியா பிறந்தான் என்பதால், ஜெரோமின் விளக்கத்தை எடுத்துக்கொண்டாலும் அந்த இரத்தம் மெசியாவரை வந்துதான் இருக்கிறது.

லூக்காவின் பட்டியல் வேறு. யோசேப்பின் தந்தை மத்தேயுவில் யாக்கோபு, லூக்காவில் ஏலி. தாவீதுக்குப் பின் மத்தேயு சாலமோன் வழியாகவும் லூக்கா நாத்தான் வழியாகவும் போகிறார்கள். இறந்த சகோதரனின் மனைவியை மணந்து அவனுக்கு வாரிசு எழுப்பும் சட்டப்படி யோசேப்புக்கு இரண்டு தந்தையர் என்று மூன்றாம் நூற்றாண்டில் யூலியுஸ் ஆப்பிரிக்கானுஸ் என்ற கிறிஸ்தவ எழுத்தாளர் விளக்கினார். லூக்காவுடையது மரியாவின் வழி என்பதும் பலர் சொல்லும் விளக்கம், ஆனால் லூக்கா யோசேப்பின் பெயரையே எழுதுகிறார். இரண்டில் எதையும் முடிந்த முடிவாக நான் கற்பிப்பதில்லை. உறுதியாகச் சொல்லக்கூடியது அந்தப் பட்டியல் எங்கே வைக்கப்பட்டிருக்கிறது என்பது. இயேசு திருமுழுக்குப் பெற்று, நீயே என் அன்பார்ந்த மகன் என்ற குரல் கேட்ட உடனே லூக்கா பெயர்களைத் தொடங்கி, பின்னோக்கி ஆதாம் வரை போய், கடவுளில் முடிக்கிறார். ஆதாம் வரை போனால் யாருடைய வம்சம் உயர்ந்தது? நம் ஊர்க் கோவில்களில் கலியாணப் பேச்சு எடுத்தவுடன் எந்தப் பகுதி, யாருடைய வழி என்று கிண்டுகிறவர்கள் லூக்கா மூன்றாம் அதிகாரத்தையும், இந்தக் கற்களிலிருந்தும் ஆபிரகாமுக்குப் பிள்ளைகளை எழுப்பக் கடவுளால் முடியும் என்ற திருமுழுக்கு யோவானின் சொல்லையும் வாசித்தால் நல்லது.

ஆண் வாரிசு இல்லாதது சாபம் என்ற பேச்சுக்கு எண்ணிக்கை நூலின் 27-ஆம் அதிகாரம் போதும். செலொபுகாது என்பவர் ஆண்பிள்ளை இல்லாமல் பாலைநிலத்தில் இறந்துபோனார். மக்லா, நோகா, ஓக்லா, மில்கா, திர்சா என்ற ஐந்து பெண்பிள்ளைகளும் மோசேக்கும் மக்கள் கூட்டமைப்புக்கும் முன்னால் போய் நின்று, மகன் இல்லை என்பதற்காக எங்கள் அப்பாவின் பெயர் ஏன் அற்றுப்போக வேண்டும், எங்களுக்குக் காணி தாருங்கள் என்று கேட்டார்கள். ஆண்டவர் அவர்கள் கேட்டது சரி என்றார். சட்டமே மாறியது. (36-ஆம் அதிகாரத்தில், தங்கள் குலத்துக்குள்ளேயே மணம் செய்ய வேண்டும் என்று ஒரு கட்டுப்பாடு பின்னால் வந்தது.) அப்பாவின் பேரிலிருந்த காணியின் உறுதிக்காக நீங்களும் தங்கச்சியும் பிரதேச செயலகத்துக்கு அலைவதாக எழுதியிருக்கிறீர்கள். அந்த ஐந்து பேரும் செய்தது அதுதான்.

அம்மாவுக்குப் பெயர்களை எழுத வேண்டும் போல் இருந்தால், தெரிந்த பெயர்களை எழுதட்டும். நவம்பரில் இறந்தோருக்கான திருப்பலிக்குப் பெயர் கொடுக்கும்போது அப்பாவின் பெயரையும் சின்னண்ணாவின் பெயரையும் அம்மாவே தன் கையால் எழுதிக் கொடுக்கட்டும். பெரியண்ணாவின் பெயரை அந்தத் தாளில் எழுதும்படி யாரும் அவரை நெருக்க வேண்டாம். மகன் இறந்துவிட்டான் என்று அவர் மனம் ஏற்காதவரை, உயிரோடிருப்பவர்களுக்கான மன்றாட்டில் அவர் பெயரைச் சொல்லலாம். அதில் எந்தத் தவறும் இல்லை.

பதிவேடு அழிந்ததால் அம்மாவின் திருமுழுக்கே கேள்விக்குள்ளாகுமோ என்றும் கேட்டிருந்தீர்கள். ஆகாது. 1983-ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத் தொகுப்பில் 876-ஆம் சட்டம், பிறர் எவருக்கும் பாதிப்பு வராத இடத்தில், நம்பத்தகுந்த ஒரே ஒரு சாட்சியின் வாக்குமூலம் திருமுழுக்கை நிரூபிக்கப் போதும் என்கிறது. அம்மாவின் மூத்த அக்கா தருமபுரத்தில் இருக்கிறார், திருமுழுக்கு நாளில் தானும் கோவிலில் இருந்ததாகச் சொல்வார் என்று எழுதியிருக்கிறீர்களே, அவரைப் பங்குத்தந்தையிடம் அழைத்துக்கொண்டு போங்கள். அவருக்கு வயதாகிவிட்டது என்பதால் இந்த மாதமே போவது நல்லது. அவர் சொல்வதை எழுதி, கையொப்பம் வாங்கி, புதிய பதிவேட்டில் பதியும்படி கேளுங்கள். அப்படியே அவருக்கு அப்புவின் தகப்பன் பெயர் நினைவிருக்கிறதா என்றும் கேட்டுப் பாருங்கள், சாபத்துக்காக அல்ல, உங்கள் பிள்ளைகள் தெரிந்துகொள்வதற்காக.